காரைக்குடியில் வாங்கிய 78 தட்டுகள்: சூட்கேஸ் பிளேயரில் போடலாமா?

செட்டிநாட்டுப்பையன்:

வணக்கம். போன மாசம் காரைக்குடியில் பழைய சாமான் கடைகளைச் சுற்றியபோது ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு கிடைத்தது. எல்லாமே 78, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய வகை. வாங்குகிறேன் என்று தலையாட்டியதும் கடைக்காரர் ஒரு பெட்டி கிராமபோனையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார். கறுப்பு உறை, உள்ளே ஹெச்.எம்.வி. தகடு, மாடல் 102. சாவி கொடுத்தால் சுற்றுகிறது. ஆனால் பாதிப் பாட்டில் வேகம் ஏறி இறங்குகிறது, அவ்வப்போது உள்ளேயிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம் வேறு.

தட்டுகளில் நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி., கொலம்பியா, ட்வின், ஓடியான் எல்லாம் கலந்து கிடக்கு. ஏதோ ஒரு நாடகத்தை ஐந்தாறு தட்டாகப் பிரித்துப் பதிந்திருக்கிறார்கள், நடுவில் ஒன்றைக் காணோம். ஒரு தட்டுதான் விநோதம். ஒரு பக்கம் மட்டும் பாட்டு. மறுபக்கத்தில் கோடே இல்லை, நடுவில் சிறகு முளைத்த ஒரு குட்டி உருவம் உட்கார்ந்து தட்டின் மேல் எதையோ எழுதுகிறது. பாட்டுப் பக்க லேபிள் உரிந்துபோய்விட்டது, பெயர் படிக்க முடியவில்லை.

என்னிடம் ஆன்லைனில் வாங்கிய சூட்கேஸ் பிளேயர் இருக்கு. 33, 45, 78 மூன்று வேகமும் அதில் உண்டு. அதிலேயே போடலாமா? தட்டெல்லாம் ஒரே புழுதி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகுமா? இதுக்கெல்லாம் நல்ல விலை வரும் என்று என் மச்சான் வேறு நச்சரிக்கிறான்.

பழையசோறு:

அதான் 78 வேகம் இருக்கே, அப்புறம் என்ன யோசனை? போட்டு விடுங்க ப்ரோ.

மைக்செட்_உசிலை:

தம்பி, போடாதீங்க. அதைவிட முக்கியம், ஸ்பிரிட் பாட்டிலை மூடி அலமாரியில வைங்க. 78 தட்டுன்னா அது அரக்கு. நாற்காலிக்கு பாலீஷ் போடுற ஆசாரி அரக்கைக் கரைக்க எதை ஊத்துவார்? அதே ஸ்பிரிட்டைத்தான். ஒரு தடவை துடைச்சா துணி கறுப்பாகும், பாட்டு துணியோட வந்துடும்.

நான் உசிலம்பட்டிக்காரன். எங்கப்பா மைக் செட் வச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, அரசியல் கூட்டம், எல்லாத்துக்கும் எங்க செட்டுதான். கரண்ட் வந்து சேராத ஊர்கள்ல தட்டு சுத்தறதுக்குச் சாவி, ஆம்ப்ளிஃபையருக்கு கார் பேட்டரி. குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்துல கட்டிட்டா மூணு ஊருக்குக் கேக்கும். ஸ்கூல் விட்டு வந்ததும் எனக்கு வேலை முள் மாத்துறது. அதனால இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் நீளமாப் பேசுவேன், பொறுத்துக்கங்க.

அந்தத் தட்டு வெறும் அரக்கும் இல்லை. அரக்கு அதுல ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் கல்லுப்பொடி. கறுப்புக்குக் கரி, இறுக்கத்துக்குக் கொஞ்சம் பஞ்சுத் தூள். அரக்கு நம்ம நாட்டுச் சரக்கு. சோட்டா நாக்பூர் காடுகள்ல மரக்கிளையில அரக்குப் பூச்சி கட்டுறதைச் சுரண்டி எடுத்து உலகம் பூரா அனுப்பினாங்க. லண்டன்ல பாடினவனும் நியூயார்க்குல பாடினவனும் பாதிப் பேர் நம்ம பூச்சி மேலதான் பாடியிருக்கான்!

சரி, கல்லுப்பொடி எதுக்கு? அங்கதான் விஷயமே. கிராமபோன் முள் இரும்பு. புதுசா இருக்கும்போது அதன் நுனி வட்டம், தட்டுல உள்ள பள்ளம் வேற வடிவம். ரெண்டும் பொருந்தாது. முள்ளைத் தட்டுல வச்சதும் முதல் சில சுத்துலேயே கல்லுப்பொடி முள்ளைத் தேய்ச்சு பள்ளத்தோட அச்சுக்குக் கொண்டுவந்துடும். அதுக்கப்புறம் முள் பள்ளத்துல கச்சிதமா உக்காந்து ஓடும். பாட்டு முடியும்போது நுனியில ரெண்டு பட்டை விழுந்து உளி ஆகியிருக்கும். அந்த முள்ளை எடுத்து அடுத்த தட்டுல வச்சீங்கன்னா உளி என்ன செய்யுமோ அதைச் செய்யும். ஒரு பக்கத்துக்கு ஒரு முள், அவ்வளவுதான். தேய வேண்டியது முள், தட்டு இல்லை. அதுக்காகத்தான் 200 முள்ளை ஒரு சின்னத் தகர டப்பாவுல போட்டு வித்தான்.

எங்கப்பா ரெண்டு கிண்ணம் வச்சிருப்பார், புது முள்ளுக்கு ஒண்ணு, பழசுக்கு ஒண்ணு. பழசு எப்பவும் மூடி போட்ட கிண்ணம், பந்தல்ல எந்தப் பயலும் தெரியாம எடுத்துடக் கூடாதுன்னு. காசுக்குப் பாத்துட்டு ஒரே முள்ளுல பத்துப் பாட்டு ஓட்டின செட்டுக்காரங்களும் இருந்தாங்க. உங்க தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. பள்ளம் பளபளன்னு கறுப்பா இருந்தா நல்ல கை பட்ட தட்டு. சாம்பல் பூத்து, அதுவும் சத்தம் உச்சத்துக்குப் போற இடங்கள்ல வெளுத்து இருந்தா பழைய முள்ளுல ஓட்டியிருக்கான்னு அர்த்தம். அதை எவனாலயும் மீட்க முடியாது.

இப்ப உங்க சூட்கேஸ் பிளேயர். வேகம் இருக்கு, முள் இல்லை. எல்.பி.ன்னு பின்னால வந்த 33 வேகத் தட்டோட பள்ளம் ரொம்பச் சின்னது. அதுக்கான வைர முள்ளின் நுனி ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழே. 78 தட்டுக்கு அதே கணக்குல மூணு பங்கு வேணும். சின்ன முள்ளைப் பெரிய பள்ளத்துல இறக்கினா சுவரைத் தொடாது, தரையில புழுதிக்குள்ள உருளும். பாட்டைவிட இரைச்சல் ஜாஸ்தியா வரும், முள்ளும் வீணாப்போகும். உங்க பிளேயருக்கு 78-க்குன்னு தனி முள் கிடைக்குதான்னு பாருங்க.

தலைகீழாவும் செஞ்சிடாதீங்க. வீட்டுல எல்.பி. இருந்தா கிராமபோன்ல வைக்காதீங்க. கிராமபோன் கை தட்டு மேல 100 கிராமுக்கும் மேல கனமா அழுத்தும். இப்ப வர்ற நல்ல பிளேயர்ல அதெல்லாம் ரெண்டு மூணு கிராம்தான். எல்.பி. ஒரே ஓட்டத்துல முடிஞ்சுது.

உங்க 102 நல்ல மெஷின். 1931-ல வந்த மாடல், ரொம்ப வருஷம் ஓடுச்சு. 'டொம்' சத்தம் ஸ்பிரிங் டப்பாவுக்குள்ள கிரீஸ் காய்ஞ்சு கட்டியா ஒட்டிக்கிட்டதால. சுருள் ஒட்டி ஒட்டி விடும்போது அப்படித்தான் குதிக்கும். வேகம் ஏறி இறங்கறது கவர்னரால, அதான் வேகத்தைக் கட்டுப்படுத்துற பாகம். சுத்துற அச்சுல மூணு குண்டு மெல்லிய தகட்டுல தொங்கும் பாருங்க, ஒரு தகடு விரிசல் விட்டிருந்தாலும் ஆட்டம் வந்துடும். கவர்னருக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் நீங்களே விடலாம். ஸ்பிரிங் டப்பாவை மட்டும் யூடியூப் பாத்துத் திறக்காதீங்க, கையைக் கிழிச்சிடும்.

மச்சானுக்கு: சினிமாப் பாட்டுத் தட்டுகள் லட்சக்கணக்குல அடிச்சது, பெரிய விலை போகாது. பித்தளை ஊதுகுழல் வச்சு நாய் படம் ஒட்டிப் புதுசா செஞ்சு 'ஆன்டிக்'னு விக்கிறாங்களே, அதை வாங்கச் சொல்லிக் கிளம்பினார்னா தடுத்துடுங்க. அதோட கை கோணல், தட்டைக் கடிச்சுத் துப்பும்.

அரைக்கட்டை:

உசிலை அண்ணன் முள்ளோடு நிறுத்திவிட்டார், எனக்கு அந்த ஒற்றைப் பக்கத் தட்டுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இறகால் தட்டில் எழுதும் அந்தத் தேவதை கிராமபோன் கம்பெனியின் பழைய முத்திரை, நாய்க்கு முந்தியது. ஒரு பக்கம் மட்டும் பதிந்த தட்டென்றால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வந்ததாக இருக்கும். மைக் கிடையாது. 1925-ல்தான் மின்சாரப் பதிவு வந்தது. அதுவரை பாடகர் ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் தலையை நீட்டிப் பாடவேண்டும், அந்த அதிர்விலேயே மெழுகில் கோடு விழும். சத்தம் கூடிய வாத்தியங்களைத் தள்ளி உட்காரவைப்பார்கள், இல்லாவிட்டால் வெட்டும் முள் எகிறிவிடும்.

1902-ல் அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பதிவு செய்தார். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், அங்கே அச்சாகி, மறுபடி கப்பலில் இங்கே விற்பனைக்கு வந்தன. கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை வந்தது 1908-ல்தான். ஹனோவரில் இருப்பவருக்கு யார் பாட்டு எது என்று எப்படித் தெரியும்? அதனால் பாட்டு முடிந்ததும் பாடகியே தன் பெயரைச் சொல்வார். "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் அவர் முடிப்பது பிரபலம். அடுத்த சில ஆண்டுகளில் மெட்ராசிலும் பதிவுகள் நடந்தன. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்கள் பாடியது அப்போதுதான். உங்கள் தட்டின் கடைசி சில விநாடிகளில் யாராவது பெயர் சொன்னால், லேபிள் போனதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தாயி என்றதும் ஒன்று. மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தாயியின் தட்டைக் கேட்டு மயங்கி, அதை வைத்து 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பே எழுதினார். தாள வாத்திய ஒலிக்காக பியானோவின் ஒரு கம்பிக்கு அட்டைத் துண்டு செருகச் சொல்லியிருக்கிறார். பாரிஸில் ஒருவர் பியானோவைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு மூன்று நிமிடத் தட்டு வேலை செய்திருக்கிறது. நம் சபாக்களில் தாயி பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆமாம், மூன்று நிமிடம்தான், 10 அங்குலத் தட்டில் அதற்குமேல் இடமில்லை. ஆலாபனை நாலு மூச்சு, பல்லவி, அனுபல்லவி, அவசரமாக ஒரு சரணம். இன்று 'பழைய காலத்தில் சுருக்கமாகப் பாடினார்கள்' என்று எழுதுகிறவர்கள் தட்டின் அகலத்தைப் பாடகர் மேல் ஏற்றுகிறார்கள். எனக்கு எரிச்சல் தரும் விஷயம் இது.

இன்னொன்று: அந்தத் தட்டு 78 வேகத்தில்தான் ஓடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில் வேகம் நிலைப்படவில்லை. எழுபதிலும் பதிந்திருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியும் பதிந்திருக்கிறார்கள். வேகம் 100-க்கு 6 கூடினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம், அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். 78-க்குப் பதில் 82, 83-ல் சுற்றினால் ஐந்து கட்டைக்காரர் ஐந்தரையில் பாடுவதாகக் கேட்கும். அந்தக் காலத்துப் பெண்கள் உச்ச சுருதியில் பாடியவர்கள்தான், எனவே குரலை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஆர்மோனியம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் ஷட்ஜம், அதாவது 'ஸ', இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ விழுந்தால் வேகம் தப்பு.

டேப்லூப்:

பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை செய்கிறேன். உசிலை அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்குக் கைதட்டுகிறேன், மீதிக்கு மட்டும் ஒரு மறுப்பு.

புது முள்ளாகவே இருந்தாலும் இரும்பு முள்ளும் 100 கிராம் கனமும் ஒவ்வொரு ஓட்டத்திலும் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். அதுவும் 1925-க்கு முந்தைய தட்டு. ஒற்றைப் பக்கத் தட்டை கிராமபோனில் வைக்கவே வைக்காதீர்கள், 'ஒரே ஒரு தடவை' என்றும் வேண்டாம்.

முதலில் கழுவுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டு மிதமான பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ். பள்ளத்தின் போக்கில் வட்டமாகத் தேய்க்கவேண்டும், குறுக்கே அல்ல. லேபிளில் ஈரம் படக்கூடாது. ஊறவைக்காதீர்கள், உடனே துடைத்து நிழலில் காயவிடுங்கள்.

பிறகு 78-க்கான முள் போட்ட நல்ல பிளேயரில், இலேசான கனத்தில் ஓட்டிப் பதியுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். பதியும்போது இரைச்சல் நீக்கும் வித்தை எதுவும் வேண்டாம், அந்த மூல ஃபைலைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். பிளேயரின் ஒலியைப் பெருக்கும் சாதாரண ஃபோனோ ஆம்ப் எல்லாம் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற கணக்குப்படி ஒலியைத் திருத்தும். அந்தக் கணக்கு 1954-ல் வந்தது, எல்.பி.க்கானது. ஊதுகுழலில் பாடிய தட்டுக்கு அதைப் போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வரும். திருத்தம் இல்லாமல் எடுத்துக்கொண்டு, வேகத்தையும் தொனியையும் பிறகு கணினியில் சரிசெய்யலாம். அரைக்கட்டை சாரை அப்போது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

கிராமபோனின் வேகம் பார்க்க 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை அச்சடித்து, சுற்றும் தட்டின் மேல் வையுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எரியும் பழைய சோக் போட்ட டியூப்லைட்டின் கீழே கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92, அதுவே இங்கே 78. பல எல்.இ.டி. விளக்குகளில் இது வேலை செய்யாது.

மைக்செட்_உசிலை:

டேப்லூப் சொல்றது சரி, தேவதைத் தட்டை மெஷின்ல வைக்க வேணாம். ஆனா தம்பி, நாய் படம் போட்ட சினிமாத் தட்டுல ரெண்டை எடுத்துப் புது முள் போட்டு கிராமபோன்லயே கேளுங்க. கம்ப்யூட்டர்ல கேக்கறது வேற. கரண்டே இல்லாம, ஒயரே இல்லாம, ஒரு தகட்டுச் சவ்வு அதிர்ந்து அறை நிறையப் பாட்டு வர்றதைக் காதால கேட்டாத்தான் அந்தக் காலத்துல ஜனங்க ஏன் வாயைப் பொளந்துட்டு நின்னாங்கன்னு புரியும். எங்கப்பா நாடகப் பாடகர் கிட்டப்பா மேல பைத்தியம். கிட்டப்பா 1933-லயே போயிட்டார், 27 வயசு. அப்பா அவரை மேடையில பாத்ததே கிடையாது. தட்டுலதான் கேட்டார், சாகுற வரைக்கும் நேர்ல பாத்தவர் மாதிரிதான் பேசினார்.

செட்டிநாட்டுப்பையன்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பிரிட் பாட்டிலை அம்மாவிடமே ஒப்படைத்துவிட்டேன். நாடகத் தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதல் தட்டு முழுக்கச் சாம்பல், கடைசித் தட்டு புத்தம் புதுசு மாதிரிப் பளபளப்பு. முழு நாடகத்தையும் யாரும் கேட்டதே இல்லை போல!

ஓடியான் தட்டில் மேட் இன் ஜெர்மனி என்று இருக்கு, ஆனால் தமிழ்ப் பாட்டு. அது எப்படி? ஒற்றைப் பக்கத் தட்டில் லேபிளை ஒட்டிச் சில எண்கள் பள்ளமாகப் பொறித்திருக்கு, அது எதற்காவது உதவுமா?

அரைக்கட்டை:

உதவுமாவா! அதுதான் ஜாதகம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் படமெடுத்து இங்கே போடுங்கள். லேபிள் போனாலும் அந்த எண் கம்பெனியின் பழைய பட்டியலில் இருக்கும். மற்றவற்றுக்கு லேபிளே போதும். ஹெச்.எம்.வி. என்றால் 'என்' வரிசை, ட்வின் என்றால் 'எஃப்.டி.', கொலம்பியா என்றால் 'ஜி.இ.' என்று எண்ணுக்கு முன்னால் போட்டிருக்கும்.

ஓடியான் பெர்லின் கம்பெனி. பாட்டை இங்கே பதிந்து அங்கே அச்சடித்தார்கள். மெட்ராசில் அவர்கள் சரக்கை விற்றது சரஸ்வதி ஸ்டோர்ஸ், அதை நடத்தியவர்களில் ஒருவர் உங்கள் ஊர்க்காரர்தான். ஏ.வி. மெய்யப்பன். ஏ.வி.எம். ஸ்டூடியோ எல்லாம் பின்னால், முதலில் இசைத்தட்டு வியாபாரம். ஆகவே அந்தத் தட்டு பெர்லினில் அச்சாகி, மெட்ராஸ் வந்து, காரைக்குடியில் உங்கள் கையில் சிக்கியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேடிக்கை என்னவென்றால், கடையில் எதிரும் புதிருமாக நின்ற ஹெச்.எம்.வி., கொலம்பியா, ஓடியான் மூன்றுக்கும் 1931-லிருந்து லண்டனில் முதலாளி ஒருவரேதான். ஈ.எம்.ஐ. என்ற கம்பெனி.

பழையசோறு:

நான் ஒரு வரி எழுதினதுக்கு இவ்வளவு பெரிய வகுப்பா? என்கிட்ட ஒரு தட்டுகூட இல்லை, ஆனா இப்ப வாங்கணும்போல இருக்கு. பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவில் 78-ல் வந்துச்சாமே, நிஜமா?

டேப்லூப்:

நிஜம்தான். மற்ற நாடுகள் 78-ஐ மூட்டை கட்டியபிறகும் சாவி கிராமபோன் இங்கே வீடுவீடாக இருந்தது, அதனால் கல்கத்தா பக்கம் டம்டம் தொழிற்சாலையில் 60-களிலும் அரக்குத் தட்டு அடித்தார்கள். வெளிநாட்டு பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் அதற்காகவே இங்கே வலைவீசுகிறார்கள். செட்டிநாட்டுப்பையன், பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் மச்சானிடம் சொல்லாமல் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

செட்டிநாட்டுப்பையன்:

இல்லை சார், நன்றாகத் தேடிவிட்டேன். உசிலை ஐயா, மெஷினை உங்களிடம் கொண்டுவந்தால் ஸ்பிரிங் டப்பாவைப் பார்த்துக் கொடுப்பீர்களா? சனிக்கிழமை மதுரைக்கு வருகிறேன். தட்டுகளையும் எடுத்துவரட்டுமா?

மைக்செட்_உசிலை:

தாராளமா வாங்க. மெஷினை எடுத்துட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி சாவி முழுக்க இறங்குற வரைக்கும் சுத்த விட்டுடுங்க, ஸ்பிரிங் முறுக்கோட பஸ்ஸுல வரக்கூடாது. முள் மாட்டுற வட்டமான சவுண்ட் பாக்ஸை மெஷினோட கையிலிருந்து கழட்டித் துணியில சுத்தித் தனியா வைங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற ரப்பர் இந்நேரம் கல்லாயிருக்கும், நான் வேற போட்டுத் தர்றேன். முள் வாங்காதீங்க, எங்கிட்ட ஒரு டப்பா பிரிக்காம இருக்கு.

தட்டுல நாலு மட்டும் எடுத்துட்டு வாங்க, தேவதைத் தட்டு வீட்டுலயே இருக்கட்டும். மிச்சத்தை இன்னைக்கே ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வச்சிருந்தா எடுத்து நேரா நிக்க வைங்க, சாய்ச்சும் வைக்காதீங்க. கார்ல வந்தா வெயில் படுற பின்பக்கக் கண்ணாடிகிட்ட வச்சிடாதீங்க. அரக்கு மாளிகை என்னாச்சுன்னு மகாபாரதத்துல படிச்சிருப்பீங்க, இது எரியாது, ஆனா அப்பளமா நெளிஞ்சிடும். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் இங்கயே மெசேஜ் போடுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.